கால்விரலில் கட்டிய கயிறு

திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர்கள் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறார்கள். "அண்ணே, உங்க வாழ்க்கைய நீங்களே ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றார்கள். என் கதையை நான் எதற்கு எழுத வேண்டும்? அழகர்சாமி என்றால் பெரம்பலூரிலிருந்து திண்டுக்கல் வரை தெரியும். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், உப்பிலியபுரத்திலிருந்து ஒற்றை வேட்டியோடு பஸ் ஏறி வந்தவன், மூட்டை தூக்கிய மண்டியையே பின்னாளில் விலைக்கு வாங்கியவன். இதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் சம்சாரம் மாரியாயியைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. படித்துவிட்டு, "என்ன அண்ணே, இவ்வளவு கோபமா எழுதியிருக்கீங்க?" என்று யாரும் கேட்க வேண்டாம். ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

மாரியாயிக்குப் பச்சைமலை அடிவாரம். அப்பனுக்குக் கடலைக் கொல்லை. கடலை விளைகிற நேரத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். காவலுக்கு ஆள் வேண்டும். அந்த மனுஷன், என் மாமனார்தான், என்ன செய்தார் தெரியுமா? கொல்லையைச் சுற்றித் தகர டப்பாக்களை வரிசையாகத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் முனையைப் பத்து வயதுப் பெண்பிள்ளையின் வலது கால் பெருவிரலில் கட்டிவிட்டார். கட்டிவிட்டு அவர் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். இவள் காவல் குடிசையில் தூங்க வேண்டும். தூக்கத்திலேயே பன்றி வருவது தெரிய வேண்டும். காலை ஆட்ட வேண்டும். டப்பா கடகடவென்று அடித்தால் பன்றி ஓடும். ஒரு நாள் தூங்கிப்போனால் விடிந்ததும் முதுகில் விழும். என் கல்யாணத்துக்கு முன்பே இந்தச் சங்கதி தெரிந்திருந்தால் அந்த ஆளிடம் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவருக்கு மாலை வேறு போட்டேன்.

அப்படிப் பழகின உடம்பு அது. கல்யாணம் ஆன புதிதில், தூங்குகிறவள் பக்கத்தில் சொம்பு விழுந்தால் கண் திறக்காது, குறட்டை நிற்காது, வலது கால் பெருவிரல் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். இவள் மதியம் தூங்குகிறாள் என்று நினைத்து நான் தரகரோடு பேசினதை எல்லாம் சாயங்காலம் காபி கொடுக்கும்போது ஒப்பிப்பாள்.

"துறையூர்க்காரர்கிட்ட சரக்கு இல்லன்னு சொன்னீங்களே, பின்னாடி அடுக்கி வச்சிருக்கறது என்னங்க, உருளைக்கிழங்கா?"

"நீதான் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தியே!"

"குறட்டை அதுபாட்டுக்கு வந்துச்சு. நான் என்பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கனவிலும் அப்படித்தான். "கனவுல பன்னி வந்தா, இது கனவுப் பன்னின்னு தெரியும்ங்க. அதுக்கு எதுக்குக் காலை ஆட்டணும்னு விட்டுடுவேன்" என்பாள். "சரி, கனவும் இல்லாம அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறப்ப?" என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னாள். "அப்ப ஒண்ணும் இருக்காது. இருட்டுகூட இருக்காது. ஆனா கயிறு கால்ல இருக்கும்."

நான் சிரித்தேன். என் பெண் பவித்ரா, அப்போது சின்னப் பிள்ளை, சிரிக்கவில்லை. "அம்மா, எனக்கும் கட்டிவிடும்மா" என்று பாவாடை நாடாவை எடுத்து வந்து காலை நீட்டினாள்.

பவித்ரா காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஸ்கூட்டரில் போனவளை லாரி தட்டிவிட்டது. தலையில் அடி. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. நான் வராண்டாவில் நின்று டாக்டர்களோடு சண்டை போட்டேன், மதுரையிலிருந்து ஒருத்தரை வரவழைத்தேன், முடிந்ததை எல்லாம் செய்தேன். மாரியாயி சண்டை போடவில்லை. உள்ளே விட்ட நேரமெல்லாம் பெண்ணின் காது பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். மண்டியில் வெங்காய லோடு இறங்கியதைச் சொன்னாள். "தலைக்கு எண்ணெய் வைன்னா கேட்டியாடி" என்று திட்டினாள். நர்ஸ் ஒருத்தி, "அம்மா, அவங்களுக்குக் கேக்காதும்மா" என்றாள்.

"தூங்குறவளுக்குக் கேக்கும். எனக்குக் கேக்குதே" என்றாள் இவள்.

பவித்ரா கண் திறக்கவில்லை. போய்விட்டாள். மகளைப் புதைத்த தாய் எப்படித் தலை நிமிர்ந்து நடமாடினாள் என்று எங்கள் தெருவே அதிசயப்பட்டது. எனக்குத் தெரியும். அவள் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். "என் பிள்ளைக்குக் கடைசி வரை என் குரல் கேட்டது, அவள் தனியாகப் போகவில்லை" என்பதுதான் அந்த வார்த்தை. இத்தனை வருடமும் அதுதான் அவளுக்குச் சோறு.

இனி அந்த வரதாச்சாரி கதைக்கு வருகிறேன்.

மாரியாயி ஏகாதசி தவறாமல் ஸ்ரீரங்கம் போகிறவள். அங்கே வடக்கு உத்திர வீதியில் ஒரு மாடி வீட்டு வாசலில் போர்டு: "விழிப்பு, கனவு, உறக்கம் - தியான வகுப்பு." பாங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆன வரதாச்சாரி நடத்துவது. இவள் விறுவிறுவென்று மாடி ஏறி, "ஏன் சாமி, தூக்கத்துல முழிச்சிருக்கறதுக்கெல்லாமா வகுப்பு எடுக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் விசாரிக்க, இவள் கயிற்றுக் கதையைச் சொல்ல, மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம்.

"அம்மா, இது சாமான்யம் இல்லை. மூணு நிலையையும் பார்த்துண்டு நாலாவதா ஒண்ணு இருக்கு, துரியம்னு பேரு. பெரியபெருமாள் சயனிச்சிண்டு இருக்காரே, அது தூக்கமா? அறிதுயில். எல்லாம் அறிஞ்சுண்டே தூங்கறார். அந்த ருசி உங்களுக்குப் பிறவியிலேயே வந்திருக்கு."

அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்த முகத்தை நான் பார்த்தேன். பன்றி விரட்டப் பழகினதற்குப் பெருமாளின் பேரையே வைத்துவிட்டார்கள் என்றால் சும்மாவா? வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போனாள். வீட்டிலும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைப் பார்த்தாள். "கண்ண மூடிக்கிட்டு சும்மா இருக்கறதுக்கு ஒரு மாடி, ஒரு வாத்தியார், ஆறு ஃபேன்" என்று நான் கேலி செய்தேன். ஆனால் தடுக்கவில்லை. அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. கேலி வேறு, கண்ணில்லாமல் இருப்பது வேறு.

போன வருடம் அவளுக்குப் பித்தப்பையில் கல். வலியில் சுருண்டுபோனாள். ஆபரேஷன் என்றார்கள். புத்தூரிலேயே வேறொரு ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கேத்தரின் என்ற பெண். முந்தின நாள் வந்து, "என்னம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டது.

"டாக்டரம்மா, நான் தூங்கினாலும் முழிச்சிருப்பேன். அறுக்கறது தெரிஞ்சிடுமே" என்றாள் மாரியாயி.

என் மகன் ரஞ்சித் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். "டாக்டர், அம்மாவுக்கு அப்படி ஒரு நெனப்பு. சைக்கியாட்ரிஸ்ட்ட ஒரு தடவ..." என்று இழுத்தான்.

"நீ வாய மூடு" என்றேன். அந்த டாக்டர் பெண் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டுக்கொண்டது. பிறகு சொன்னது: "வலி தெரியாதும்மா, அது என் பொறுப்பு. ஆனா உங்ககிட்ட மறைக்கல. இது தூக்கம் இல்ல. தூங்குறவங்கள எழுப்பலாம். இதுல நான் விட்டாத்தான் எழுந்திரிக்க முடியும்."

அந்தப் பெண் போன பிறகு மாரியாயி என் கையைப் பிடித்தாள். வலியைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, ஒரு விதத்துல நல்லதுதான். பவித்ராவும் இப்படித்தானே எழுப்ப முடியாம கெடந்தா? நாளைக்கு அந்த ஊசிக்குள்ள போயும் கயிறு என் கால்ல இருந்துச்சுன்னா, அவ காலுலயும் இருந்திருக்கும். நான் பேசினது அவளுக்குக் கேட்டிருக்கும். அது எனக்கு நெசமாத் தெரிஞ்சுபோயிடும்."

"இல்லாட்டி?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தாள். நான் கேட்டிருக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஆட்டத்தை இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. விசாரித்தேன். வரதாச்சாரி போனில் பேசியிருக்கிறார். "மயக்கத்திலயும் உள்ளே இருந்து பார்த்துண்டிருக்கற அந்த சாட்சி போகாது, அம்மா. நன்னா கவனிச்சு வெச்சுக்கோங்கோ. வந்து வகுப்புல நீங்களே எல்லாருக்கும் சொல்லணும்" என்று.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிற பொம்பளையிடம் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறான் மனுஷன்!

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவளை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது வண்டியைக் கதவில் இடித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் மாடி முழுக்க எட்டிப் பார்த்தது. மாரியாயி கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எப்பங்க ஆரம்பிப்பாங்க?" என்றாள்.

"முடிஞ்சுபோச்சு மாரி. கல்லு டப்பாவுல இருக்கு."

அப்போது அவள் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்பு போதாது. கொல்லையில் பன்றி புகுந்து எல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகு விழித்துக்கொண்ட பிள்ளையின் முகம் அது. "எண்ணச் சொன்னாங்க. மூணு சொன்னேன். அப்புறம் நீங்க கத்துனீங்க. நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. ஒண்ணுமில்லன்னு பாக்கறதுக்குக்கூட ஆளு இல்ல. கயிறே இல்ல."

வீட்டுக்கு வந்தோம். புண் ஆறியது. அவள் ஆறவில்லை. காலையில் உட்காருவதை நிறுத்தினாள். ஏகாதசி வந்தது, போகவில்லை. படுக்கப் பயந்தாள். தூங்கினால் முன்பு போலக் கயிறு இருக்கிறதா என்று பார்க்கக்கூடப் பயம். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்ப அவளுக்கு ஒண்ணும் கேட்டிருக்காதுங்க. நான் கட்டைக்கிட்ட பேசியிருக்கேன். எம்புள்ள இருட்டுகூட இல்லாத எடத்துல தனியாக் கெடந்திருக்கா." சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள். செத்தவளை இரண்டாம் முறை புதைத்தது போல இருந்தது எனக்கு.

போனில் இதைச் சொன்னால் ரஞ்சித், "அப்பா, அது பிரெயின்ல நடக்கற கெமிக்கல்தான்ப்பா, இதுல வருத்தப்பட என்ன இருக்கு?" என்கிறான். உன்னைப் பெற்றவளும் கெமிக்கல்தானாடா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அப்புறம் வரதாச்சாரி வந்தார். சாத்துக்குடியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, நெற்றி நிறையத் திருமண்ணோடு. உட்கார்ந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி. அடுத்த கேள்வியே, "அனுபவம் எப்படி இருந்தது?"

மாரியாயி ஒன்றுமே இல்லை என்று சொன்னாள். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "சாதனை இன்னும் பக்குவப்படலை. நாம அவசரப்பட்டுட்டோம். மருந்துக்கு அடங்கறது சாட்சியே இல்லை, அது மனசோட ஒரு வேஷம். அசல் சாட்சி..."

"யோவ், எந்திரி" என்றேன்.

"நான் அவாகிட்ட பேசிண்டு இருக்கேன்."

"எங்கிட்ட பேசு. போன மாசம் வரைக்கும் பெருமாள் ருசி, பிறவி ருசின்ன. இப்ப வேஷம்ங்கற. அழுகுன வெங்காயத்தை மேல நல்ல வெங்காயம் பரப்பி விக்கறவன எனக்குத் தெரியும். வித்தப்புறம் வாங்குனவன் மூக்குல கோளாறுன்னு சொல்றவன இப்பத்தான் பாக்கறேன். உனக்கு ஊசி போட்டா நீ முழிச்சிருப்பியா? வா, போவோம். புத்தூர் பக்கந்தான்."

"நீங்க கோபத்துல பேசறேள்."

"கோபத்துல இல்லாம எப்பய்யா பேசுவேன்? அவளுக்கு என்ன போச்சுன்னு உனக்குத் தெரியுமா? துரியமா போச்சு? பொண்ணு போச்சுய்யா. மறுபடியும் போச்சு."

அந்த மனுஷனுக்குப் பவித்ரா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. இத்தனை நாள் வகுப்பில் கேட்டதே இல்லை. முகம் வெளுத்து, மாரியாயியைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அவள் பதிலுக்குக் கூப்பவில்லை. சாத்துக்குடிப் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். எங்கள் வீட்டில் பழத்துக்குப் பஞ்சமில்லை.

மறுபடி செக்கப்புக்குப் போனபோது மாரியாயியே டாக்டர் கேத்தரினைத் தேடிப் போய் நின்றாள். "என் பொண்ணு இதே மாதிரிதான் கெடந்தா. அவளுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுதானே?" என்று நேராகவே கேட்டாள்.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு இவளை உட்காரவைத்தது. "மருந்து மயக்கம் வேற, தலையில அடிபட்டு நினைவு இல்லாம இருக்கறது வேறம்மா. ஒண்ண வச்சு ஒண்ணச் சொல்ல முடியாது. அப்படிக் கெடந்து எழுந்தவங்கள்ல சில பேரு, பேசினது கேட்டுச்சுன்னு சொல்லியிருக்காங்க. பல பேரு ஒண்ணும் தெரியலன்னுதான் சொல்றாங்க. உங்க பொண்ணுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றியே, நீ நல்லா இருப்பம்மா" என்றாள் மாரியாயி. வெளியே வந்ததும் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். "எங்க?" என்றேன். "ஸ்ரீரங்கம்" என்றாள். எனக்கு ஆட்டோவில் ஏறிப் பழக்கமில்லை, கார் நிற்கிறது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. நானும் ஏறினேன்.

அன்றைக்குக் கூட்டம் அதிகமில்லை. கர்ப்பகிருகத்துக்கு எதிரே போனோம். பெருமாள் நீட்டிப் படுத்திருந்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவள் கையைக்கூடக் கூப்பவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சந்தையில் என்னிடம் எத்தனையோ பேர் சண்டைக்கு நின்றிருக்கிறார்கள். இவளைப் போல நின்ற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

"உனக்கென்ன, நல்லாத்தான் படுத்திருக்க. தூங்கற மாதிரி தூங்குவ, எல்லாம் தெரியும்பாங்க. உனக்கு எவன் ஊசி போட்டான்? உன் தலையில எந்த லாரிக்காரன் ஏத்துனான்? எம்பொண்ணு கெடந்தப்ப நான் பேசினது அவளுக்குக் கேட்டுச்சா இல்லையா? அவளுக்குக் கேக்கலன்னா உனக்காச்சும் கேட்டுச்சா? ஒண்ணு சொல்லு. காலையாச்சும் ஆட்டு!"

"அம்மா, நகருங்க, நகருங்க" என்றார்கள். "யோவ், அவ பேசி முடிக்கட்டும்" என்றேன் நான். என் குரல் அந்த மண்டபத்தில் எதிரொலித்தது. பட்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் பின்னால் வந்தவர்களைக் கொஞ்சம் நிறுத்திவைத்தார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். பெருமாள் ஒன்றும் ஆட்டவில்லை. இவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க போவோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டாள். நிறையச் சாப்பிட்டாள். பிறகு கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்து, பல நாள் கழித்துத் தூங்கினாள். குறட்டை வந்தது. நல்ல வெயில் நேரம். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. மாமனார் மேல், வரதாச்சாரி மேல், லாரிக்காரன் மேல், பெருமாள் மேல். கடைசியில் இவள் மேலேயே. என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு இவள் பாட்டுக்கு எங்கோ போய்விட்டாளே என்று. நாற்காலியை விட்டு இறங்கி, முட்டிவலியோடு, பாயின் ஓரத்தில் அவள் காது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏய் மாரி, கேக்குதோ இல்லையோ, நான் சொல்றேன். வெங்காயம் இறங்கிடுச்சு. துறையூர்க்காரன் இன்னைக்கும் தகராறு பண்ணான், ஓட ஓட விரட்டிட்டேன். ரஞ்சித் அடுத்த வாரம் வரானாம், வந்தா நீ சிரிச்ச முகமா இரு, நான் திட்டிக்கறேன். பூனை மறுபடி சினையா இருக்கு. காந்தி மார்க்கெட்ல இந்தக் கோடியில நான் கத்தினா அந்தக் கோடியில மூட்டை இறக்கறவனுக்குக் கேக்கும். என் குரல் கேக்காதவன் இந்தத் திருச்சியில கெடையாது. நீ மட்டும் எப்படிடி கேக்காமப் போயிடுவ?"

குறட்டை நிற்கவில்லை. கண் திறக்கவில்லை.

வலது கால் பெருவிரல் வெடுக்கென்று இழுத்தது.

கொசு கடித்திருக்கும், ஃபேன் காற்று பட்டிருக்கும் என்று சொல்ல வருகிறவர்கள் என் மண்டிப் பக்கம் வர வேண்டாம். சாயங்காலம் அவள் எழுந்து காபி கொண்டுவந்து வைத்தாள். தூக்கத்தில் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. அவளும் முன்பு போல ஒப்பிக்கவில்லை. பூனைக்குப் பாலை மட்டும் வழக்கத்தைவிட நிறைய ஊற்றினாள்.